‘தெரியாது’ என்ற பதிலுக்கு எத்தனை மதிப்பெண்?

நவம்பர் 14 நெருங்கிவிட்டது. உலக சர்க்கரை நோய் தினம் என்றால் பேரணி, பள்ளியில் உறுதிமொழி, பஞ்சாயத்து அலுவலக வாசலில் இலவச சுகர் டெஸ்ட் எல்லாம் உண்டு. எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்திருக்கும் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் வேறு வேறு வார்த்தைகளில் இருக்கிறது. ‘வீட்டுக்கு வந்து ஃபாரம் எழுதிக்கொண்டு போனார்கள். மார்க் கம்மிதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். அப்படியானால் எனக்குச் சுகர் இல்லைதானே?’

அப்படி அர்த்தமில்லை. சர்க்கரை நோய் என்றால் என்ன, எதைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோரும் கேட்டதுதான். அந்த ஃபாரம் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. மானாவாரிச் சீமைக்கு அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயது நிரம்பிய எல்லோருக்கும் நிரப்பும் படிவம் அது. மதிப்பெண் தரும் கேள்விகள் ஆறு. வயதுக்கு: முப்பதுகளில் 1, நாற்பதுகளில் 2, ஐம்பதுகளில் 3, அறுபதுக்கு மேல் 4. புகையிலை எப்போதாவது என்றால் 1, தினமும் என்றால் 2. தினமும் மது என்றால் 1. இடுப்பளவு பெண்களுக்கு 80 செ.மீ.யைத் தாண்டினால் 1, 90-ஐத் தாண்டினால் 2. ஆண்களுக்கு 90, 100. வாரத்துக்கு 150 நிமிடம்கூட உடம்பு அசையவில்லை என்றால் 1. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் 2. மொத்தம் நான்கைத் தாண்டினால் சோதனையில் முன்னுரிமை.

இதைக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றே சொல்வேன். ஊசி, ஸ்ட்ரிப், லேப் எதுவும் வேண்டாம். ஒரு டேப் போதும். சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் ஒருத்தி ஒரே நாளில் ஒரு தெருவையே முடித்துவிடலாம். சென்னை மருத்துவர் வி.மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய் அபாய மதிப்பெண்ணும் இதே வழியில் போவதுதான். வயது, இடுப்பு, உழைப்பு, பெற்றோர் என்று நான்கே கேள்விகள். நூற்றுக்கு அறுபதைத் தொட்டால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும். அதில் பெற்றோருக்கு மட்டும் 20 மதிப்பெண் வரை உண்டு.

ஓட்டை இருப்பது அந்தப் பெற்றோர் கேள்வியில். இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மிளகாய்க் காட்டிலும் கரிமூட்டத்திலும் வேலை பார்க்கும் அம்மாவுக்கு வயது 52. ஒல்லியான உடம்பு, இடுப்பு 74 செ.மீ. படிவத்தோடு வந்திருப்பது அதே ஊர்ப் பெண்.

“அத்தே, ஒங்க அய்யா அம்மாவுக்குச் சுகர், பிரஷர் ஏதும் இருந்துச்சா?”

“அதெல்லாம் அப்ப யாரு பாத்தா? அய்யாவுக்குக் கால்ல புண்ணு வந்து ஆறவே இல்ல. அதுலயே போய்ச் சேந்துட்டாக.”

படிவத்தில் இதற்கு இரண்டே கட்டம்தான்: ஆம், இல்லை. யாரும் பார்க்காததால் ‘இல்லை’யில் டிக் விழுகிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையை அந்த அம்மா பழக்கமாகவே எண்ணுவதில்லை என்பதால் அங்கும் பூஜ்யம். வயதுக்கு 3, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 0. மூன்றோடு பட்டியலின் அடியில் போய்விடுகிறார். ஆறாத அந்தக் கால் புண்ணைச் சர்க்கரையின் அடையாளமாக யாராவது எடுத்திருந்தால் 5. புகையிலையையும் சேர்த்திருந்தால் 7. அதே அம்மா பட்டியலின் மேல்வரிசைக்கு வந்திருப்பார்.

சென்னையிலோ மதுரையிலோ ‘பெற்றோருக்குச் சுகர் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், அவர்களுக்கு ரத்தம் பார்த்திருப்பார்கள் என்று ஓரளவு நம்பலாம். இங்கே முந்தைய தலைமுறைக்கு ரத்தம் பார்த்தவர் யார்? உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், இதய நோய்த் தடுப்புக்கான முன்னோடி முயற்சியைச் சிவகங்கையிலும் நம் விருதுநகர் மாவட்டத்திலும்தான் நடத்தியது. அதுவே 2000-களின் பிற்பகுதியில். அதற்குமுன் இறந்தவர்களின் நோய், ‘வாதம் அடிச்சிருச்சு’, ‘நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு’, ‘வெரல எடுத்தும் ஆறல’ என்று பிள்ளைகளின் நினைவில் மட்டும் இருக்கிறது. அந்த நினைவுக்குப் படிவத்தில் இடமில்லை. சோதனையே எட்டாமல் இருந்த ஊர்களின் மதிப்பெண்தான் இதனால் குறைகிறது. மதிப்பெண் குறைந்தவரிடம் சோதனை கடைசியாக வருகிறது. இந்தச் சுழற்சியைத்தான் கவலைக்குரியது என்கிறேன்.

உழைக்கிற ஊரில் சுகர் ஏது என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. சர்க்கரை நோய் நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9. ஆனால் அதற்கு முந்தைய கட்டம், அதாவது சர்க்கரை கூடத் தொடங்கி நோய் என்ற எல்லையை இன்னும் தொடாத நிலை, நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2. வாசலில் நிற்பவர்கள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. இதைப் பார்த்தபின் கிராமத்துக்கு அவசரமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

மதிப்பெண் பார்க்காமல் எல்லோருக்கும் ரத்தம் பார்க்க முடியும் என்று காட்டிய ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டமாக அப்போது இருந்த பகுதியில் சூணாம்பேடு. 2006-ல் டாக்டர் மோகனின் ஆய்வு நிறுவனம் அங்கே 42 கிராமங்களில் இறங்கியது. வயதுவந்தோர் 27,014 பேரில் 23,449 பேருக்குச் சோதனை முடிந்தது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். கண், கால், இதயம் பார்க்கும் கருவிகளோடு ஒரு வேன் ஊர் ஊராகப் போனது. படங்கள் இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குப் போயின. நோயாளிகளின் மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 9.3-லிருந்து ஓராண்டில் 8.5-க்கு இறங்கியது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. விழிப்புணர்வு என்ற சொல்லுக்கு நான் ஒப்புக்கொள்ளும் பொருள் இதுதான்: சொல்லிவிட்டுப் போவதோடு நிற்காமல், பார்த்து, மருந்து கொடுத்து, மறுபடியும் வந்து பார்ப்பது.

அரசின் சொற்களையும் இந்த அளவுகோலில்தான் நிறுக்க வேண்டும். 2025 பிப்ரவரி 20 முதல் மார்ச் 31 வரை 30 வயது தாண்டிய அனைவரையும் பரிசோதிக்கும் மத்திய அரசின் தீவிர இயக்கம் நடந்தது. ‘பரிசோதித்தோம்’ என்று ஒரு எண் சொன்னால், படிவம் நிரப்பியதா, விரலில் குத்தியதா என்று கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மாநில அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் உண்மையிலேயே மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவந்தது. நடக்க முடியாத முதியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதன் பயனாளிகள் 2022 இறுதியில் ஒரு கோடியைத் தொட்டதாக அறிவித்தார்கள். ஒருமுறை மாத்திரை வாங்கியவரும் அதில் ஒருவர், மாதந்தோறும் வாங்குபவரும் ஒருவர். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு எண். சர்க்கரை உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது? மாநில அரசின் 2020 ஆய்வில் 10.8 சதவீதம். 2023-24-ல் 16.7. ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே எண்தான் சொல்கிறது.

கட்டுக்குள் வராத சர்க்கரைக்கு இங்கே கால்தான் விலை கொடுக்கிறது. சீமைக்கருவேல முள் இல்லாத வழி இந்தப் பக்கம் கிடையாது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்கு முள் தைத்ததே தெரியாது, நடந்துகொண்டே இருப்பார். இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கமும் வாடையும் வந்த பிறகுதான் வீட்டில் பார்ப்பார்கள். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அது வளையும் வரை அழுத்தி, ‘தெரியுதா?’ என்று கேட்பது ஒரு எளிய சோதனை. முகாமில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

நவம்பர் 14-ல் ஊர் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டுமென்றால் என் யோசனை இது: பேரணிக்குப் பதில் தெருவாரியாக உட்கார்ந்து, வீட்டுப் பெரியவர்கள் எப்படி இறந்தார்கள் என்று எழுதுங்கள். ஆறாத புண், எடுத்த விரல், வாதம், கடைசிக் காலத்தில் மங்கிய கண், ராத்திரியில் நாலைந்து முறை எழுந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் முதல் வரிசை. நோயை இது உறுதிசெய்யாது. யாருக்கு முதலில் ரத்தம் பார்ப்பது என்பதை இந்தச் சீமைக்கு ஏற்றபடி காட்டும். சோதனை நேரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை நாளுக்கு இருமுறை வேலையிடத்தில் போட்டோ எடுக்கிறார்கள்; காலை பத்து மணி முகாமுக்கு அவர்கள் எப்படி வருவார்கள்?

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மார்க் நான்குக்குக் கீழே என்றால் சோதனை கேட்கலாமா? கேட்கலாம், மதிப்பெண் எதுவானாலும் 30 வயது நிரம்பிய எல்லோருக்கும் சோதனை உண்டு என்பதே விதி.

வெறும் வயிற்றோடு முகாமுக்கு வர வேண்டுமா? தேவையில்லை, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

முகாமில் 150 காட்டியது, சுகரா? அதை வைத்து முடிவுகட்ட முடியாது. 140-ஐத் தாண்டினால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும், வெறும் வயிற்றில் 126 என்பதுதான் நோயின் எல்லை.

மூன்று மாத சராசரி மட்டும் பார்த்தால் போதுமா? ரத்தசோகை உள்ளவர்களுக்கு அது தவறாகக் காட்டக்கூடும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கம்பும் குதிரைவாலியும் சாப்பிட்டால் சுகர் வராதா? அரிசியைவிட நல்லது, ஆனால் அளவு இல்லாமல் குடித்தால் கூழும் சர்க்கரையை ஏற்றும்.

இன்சுலின் என்றால் கடைசிக் கட்டமா? இல்லை.

மாத்திரை வீட்டுக்கே வருகிறதே, பி.எச்.சி.க்கு எதற்குப் போக வேண்டும்? அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க.