பாவும் ஊடையும் பிரிந்த மோட்டார்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களில் வளர்ந்தோர்க்குத் தறி புதிதன்று. பாவு நீளவாக்கில் விறைப்பாய் நிற்க, ஊடை நாடாவின் வழியே குறுக்காக ஓடுகிறது. இரண்டும் செங்குத்தாய்ச் சந்திப்பதனாலேயே ஆடை உருவாகிறது. மின்மோட்டாரின் உள்ளே நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே.

புலச்சுருள் தனியாக அமைந்த நேர்மின்னோட்ட மோட்டாரில் காந்தப் புலத்துக்கு ஒரு மின்னோட்டமும், முறுக்குவிசைக்கு மற்றொன்றும் செல்கின்றன. எனவே அதனை ஆளுவது எளிது. ஆயினும் அதன் கார்பன் பிரஷ் தேயும், தீப்பொறி பறக்கும். நம் வயற்கிணறுகளில் உழைக்கும் மும்முனைத் தூண்டல் மோட்டாருக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் அதில் புலத்தையும் விசையையும் ஒரே மின்னோட்டத் தொகுதியே தருவதால், பாவும் ஊடையும் சிக்குண்டு கிடக்கின்றன. மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் ஒரே விகிதத்தில் மாற்றி அதன் வேகத்தை ஆளலாம்; விசிறிக்கும் பம்புக்கும் அது போதும். பாரத்தோடு மெல்லப் புறப்படும் இரயிலுக்கும் மின்தூக்கிக்கும் போதாது.

இச்சிக்கலைப் பிரித்தவர்கள் ஜெர்மானியர்: 1960களின் இறுதியில் ஹாசே; 1970களின் தொடக்கத்தில் சீமென்ஸ் நிறுவனத்தின் பிளாஷ்கே. நிலத்தில் நின்று நோக்கினால் மூன்று மின்னோட்டங்களும் ஓயாது அலைகின்றன. சுழலும் காந்தப் புலத்தின் மீதே ஏறி அமர்ந்து நோக்கினால் அலைகள் அடங்கி, இரண்டு நிலையான அளவுகளே தென்படும். ஒன்று புலத்தின் திசையில் அமையும். மற்றது அதற்குச் செங்குத்தாக. (இப்பார்வை மாற்றத்துக்குரிய கணிதத்தை வேறொரு வகை மின்பொறிக்காக 1929-லேயே பார்க் என்பார் வகுத்திருந்தார்.) முன்னதை மாறாது நிறுத்திப் பின்னதைக் கூட்டிக் குறைத்தால், முறுக்குவிசை உடனுக்குடன் பணிகிறது. பின்னதன் திசையைத் திருப்பினாலோ ஓடும் மோட்டாரே மின்னாக்கியாகி வண்டியை நிறுத்தத் துணைசெய்கிறது. அவ்விரு அளவுகளையும் மீண்டும் மூன்றாக்கி இன்வெர்ட்டருக்கு ஆணையிட, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை கணக்கிட வேண்டும். நுண்செயலி மலிவாகும் வரை இம்முறை பரவாததில் வியப்பில்லை. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை 2018-இல் உருவாக்கிய வந்தே பாரத் தொடர்வண்டியிலும் மும்முனைத் தூண்டல் மோட்டார்களே இயங்குகின்றன.

இடர் ஒன்று உண்டு. புலம் எத்திசையில் நிற்கிறது என்பதைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. சுழலகத்தின் வேகத்தையும் மின்தடையையும் கொண்டு கணிக்கிறோம். வெப்பம் 100 பாகை ஏறினால் அம்மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடும். கணக்கு பழைய எண்ணையே பற்றி நின்றால் ஊடை செங்குத்தை விட்டுச் சாய்ந்துவிடும். கேட்ட விசை கிட்டாது. ஆதலின் இன்றைய கருவிகள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்தடையை மதிப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றன.