வலி தணிந்த நாளில் கேளுங்கள் சம்மதம்

நீலகிரியின் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் வாழும் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்கள் பலவற்றுக்கு ‘சிக்கிள் செல்’ என்ற பெயர் புதிதல்ல. நுண்ணிய குழாய்களில் வளைந்து நெளிந்து ஓடவேண்டிய சிவப்பணுக்கள், இந்தப் பரம்பரை நோயில் அரிவாள் போல வளைந்து விறைத்து, ஒன்றோடொன்று சிக்கி வழியை அடைக்கின்றன. இரத்தம் போகாத இடத்தில் எலும்பும் தசையும் துடிக்கும். குளிர், நீர் குறைதல், காய்ச்சல், கடும் உழைப்பு எல்லாமே இதைத் தூண்டும். ஆடி மழையில் நனைந்தபடி கொழுந்து பறிப்பவருக்கு இவை ஒரே நாளில் சேர்ந்து வரலாம். வலித் தாக்குதல் சில நாள்களில் அடங்கும், மீண்டும் வரும். சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்தமின்றிச் சிதைந்து, நடக்கும்போதும் படுக்கும்போதும் விடாத நாட்பட்ட வலியாகவே நிலைத்துவிடும். இந்த வலிக்கு மருந்து தேடும் ஆய்வுகள் உலகெங்கும் நடக்கின்றன. அவற்றில் ஒன்று நம் மலைக்கு வந்தால் மக்கள் என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும்?

ஆய்வே வேண்டாம் என்பது என் வாதமல்ல. இந்தியாவில் இந்நோயின் தடயம் முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில்தான். லேமன், கட்புஷ் இருவரும் 1952இல் அதை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் நோய் கண்டறியப்பட்டது. ஆனால் வலித் தாக்குதலைக் குறைக்கும் மருந்தாக ஹைட்ராக்ஸியூரியாவை நிறுவிய பெரிய ஆய்வு வெளிவந்தது 1995இல். அமெரிக்காவிலும் கனடாவிலும் 299 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு நடுமதிப்பாக 2.5 தாக்குதல்களும், மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களுக்கு 4.5 தாக்குதல்களும் வந்தன. நம் மக்களிடம் காணப்படும் அரபு-இந்திய மரபணு வகையில், கருப்பருவத்து ஹீமோகுளோபின் பிறந்த பிறகும் கூடுதலாக இருக்கிறது. அங்கே பொருந்திய மருந்தளவு இங்கேயும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே இங்கே ஆய்வு நடக்கத்தான் வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இரத்தம் கொடுத்த மலை இது. தனக்குரிய விடைகளைக் கேட்க அதற்கு உரிமை உண்டு.

சிக்கல் சம்மதத்தில் இருக்கிறது. வலியில் சுருண்டு கிடப்பவர் முன்னால் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கைநாட்டு விழும். ஊசி போட்டால் போதும் என்ற நிலையில் அவர் காதில் விழுவது ‘மருந்து’ என்ற ஒரு சொல் மட்டுமே. ‘ஆய்வு’ என்ற சொல் விழாது. வலியோடு வருபவர் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடவில்லையா, ஆய்வுக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அறுவைச் சிகிச்சையில் மருத்துவர் செய்யும் அத்தனையும் அந்த ஒரு நோயாளியின் நன்மைக்காக. ஆய்விலோ அவருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. நோக்கம் அறிவைச் சேர்ப்பது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தெளிந்த மனமும் நேரமும் வேண்டும். தாக்குதலின்போதே கொடுத்துப் பார்க்கவேண்டிய மருந்துகளும் உண்டு என்பது உண்மை. அப்படிப்பட்ட ஆய்வுக்கும் வலியில்லாத நாளில், வீட்டார் கூட இருக்கையில் விளக்கிச் சம்மதம் பெற்று வைத்துக்கொள்ளலாம். தாக்குதல் வரும்போது ‘இப்போதும் சம்மதம்தானா’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஆய்வில் சேருவதன் ஆபத்து கற்பனையல்ல. கிரிசான்லிசுமாப் என்ற ஊசி மருந்து 2017இல் வெளியான ஆய்வில் வலித் தாக்குதலை வெகுவாகக் குறைத்ததாகத் தெரிந்தது; பின்னால் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஐரோப்பா 2023இல் அதன் அனுமதியைத் திரும்பப் பெற்றது. இரத்தசோகைக்காக 2019இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட வாக்ஸெலோட்டரை, ஆய்வுகளில் வலித் தாக்குதல்களும் மரணங்களும் கூடுதலாகத் தென்பட்டதால், 2024 செப்டம்பரில் ஃபைசர் நிறுவனமே உலகம் முழுவதும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. அனுமதி பெற்ற மருந்தின் கதியே இது என்றால், பரிசோதனையில் இருக்கும் மருந்துக்கு எவர் உத்தரவாதம் தர முடியும்? பிளாசிபோ எனப்படும் மருந்தில்லாத மாத்திரையும் இதில் சேரும். வலி ஆய்வுகளில் அது தேவைப்படுகிறது, ஏனெனில் நம்பிக்கையாலேயே வலி ஓரளவு தணிந்ததாகத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே சாப்பிட்டுவரும் ஹைட்ராக்ஸியூரியாவை நிறுத்தச் சொல்வார்களா, நள்ளிரவில் வலி முற்றினால் மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்ற இரண்டையும் கேட்காமல் எவரும் சேரக்கூடாது.

புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகள், 2019 இதற்கெல்லாம் இடம் தருகின்றன. விவரத்தாளும் ஒப்புதல் படிவமும் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஒரு நகல் பங்கேற்பவர் கையில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். எஸ்டேட் மேஸ்திரியோ ஆய்வுக் குழுவின் ஊழியரோ சார்பற்றவர் ஆகமாட்டார் என்பதை விளக்கவும் வேண்டுமா? முற்றிலும் புதிய வேதிப்பொருளைச் சோதிக்கும்போது, எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவினரின் ஒப்புதலை ஒலி-ஒளிப் பதிவு செய்வது கட்டாயம். பணியர் வீட்டில் பேசுவது பணிய மொழி. தமிழில் அச்சடித்த தாளைப் படித்துக் காட்டிவிட்டாலே கடமை முடிந்ததாக எண்ணக்கூடாது. இவை வெற்றுச் சடங்குகள் அல்ல. 2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தனர். அங்கு நேர்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆயினும் அந்த மரணங்களோடு சம்மதம் வாங்கிய விதம் பற்றிய புகார்களும் சேர்ந்து திட்டத்தை 2010 ஏப்ரலில் நிறுத்த வைத்தன. நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது.

இவ்வளவு கேள்வி கேட்டால் ஆய்வாளர்கள் இந்த மலைப்பக்கமே வரமாட்டார்கள், இழப்பு ஏழைக்குத்தான் என்று கவலைப்படுவோர் உண்டு. கம்மம் காட்டுவது நேர்மாறானதை: குறுக்குவழி எடுத்ததாலும் வேலை பாதியில் நின்றது, சந்தேகம் ஊரெல்லாம் பரவியது. உண்மையான இழப்பு வேறோரிடத்தில் காத்திருக்கிறது. ஆய்வு முடிந்த பிறகும் மருந்தை இலவசமாகத் தரும் ஏற்பாடு 2019 விதிகளில் இருக்கிறது, ஆனால் மாற்று மருந்தே இல்லாத நோய்க்குத்தான். சிக்கிள் செல்லுக்கு ஹைட்ராக்ஸியூரியா இருப்பதால், புதிய மருந்து எவ்வளவு பலன் தந்தாலும் ஆய்வு முடிந்த மறுநாளே அது நின்றுவிடலாம். ஆகவே ‘பிறகு யார் தருவார்கள்’ என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிவிட்டுச் சேருவதே பாதுகாப்பு. கூலியிழந்த நாளுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஈடு கேட்பதில் கூச்சம் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் அதை அனுமதிக்கிறது. ஆளை இழுக்கும் ஆசைத்தொகையைத்தான் அது தடுக்கிறது.

பாதிப்பு நேர்ந்தால் என்ன செய்வது? கடுமையான பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மருந்து அனுமதி வழங்கும் அரசு அமைப்புக்கும் ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் வந்ததல்ல என்று நிறுவப்படும்வரை சிகிச்சை இலவசம். பிளாசிபோ ஆய்வில் வழக்கமான சிகிச்சையைத் தராமல் விட்டதால் வந்த பாதிப்புக்கும் இழப்பீடு உண்டு. இழப்பீட்டு உத்தரவு வந்த 30 நாளில் ஆய்வை நடத்தும் நிறுவனம் பணம் தர வேண்டும். நெறிமுறைக் குழுத் தலைவரின் தொடர்பு விவரம் விவரத்தாளிலேயே இருக்கும். முதல் புகார் அங்கே. அந்த ஆய்வு அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். பதிவெண் ‘சிடிஆர்ஐ’ என்று தொடங்கும். சிக்கிள் செல் நோய் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. அச்சட்டத்தின் 6(2) பிரிவு, மாற்றுத்திறனாளி எவரையும் ஆய்வுக்கு உட்படுத்தும் முன் அவருடைய சம்மதத்தோடு அரசு அமைக்கும் குழுவின் முன்னனுமதியையும் கேட்கிறது; அக்குழுவில் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுடைய அமைப்பினராகவோ இருக்க வேண்டும். சிக்கிள் செல்லுக்காக மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெற்றவர், ஆய்வுக்கு அழைக்கப்பட்டால் அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம். காட்ட மறுத்தாலும், இழப்பீடு இழுத்தடிக்கப்பட்டாலும், ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். வருமானச் சான்று கேட்கமாட்டார்கள்.