மறையும் இழை வெப்பமானி

உருகிய எஃகின் சூடு 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டும். பாதரச வெப்பமானி அங்கே உதவாது. பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே நெடுங்காலம் உலைக்காரரின் கண்தான் அளவுகோல்: மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. ஆனால் இருட்டறையில் பளிச்சென்று தெரியும் அதே சிவப்பு, வெயிலில் மங்கிவிடும்.

ஜெர்மனியின் ஹோல்போர்னும் குர்ல்பாமும் 1901-இல் விவரித்த மறையும் இழை வெப்பமானி கண்ணை ஒதுக்கவில்லை, அதன் வேலையை எளிதாக்கியது. குழல் வழியே உலையைப் பார்த்தால் குறுக்கே ஒரு மெல்லிய விளக்கு இழை தெரியும். மின்னோட்டம் குறைந்தால் அது கருங்கோடு, கூடினால் ஒளிக்கோடு. இரண்டுக்கும் நடுவே, உலையின் பிரகாசமும் இழையின் பிரகாசமும் ஒன்றாகும் கணத்தில் இழை காணாமல் போகும். அப்போது அம்மீட்டர் காட்டும் எண்ணை அளவுத்திருத்த அட்டவணையில் தேடினால் வெப்பநிலை கிடைக்கும். ஒரே நிறத்தில் ஒப்பிடுவதற்காகக் கண்ணருகே சிவப்புக் கண்ணாடி உண்டு.

ஒரு குறை: பளபளப்பான உலோகம் குறைவாகவே ஒளி உமிழும். திருத்தம் செய்யாவிட்டால் உண்மையைவிடக் குறைந்த எண்ணே வரும்.

நீலச் சுடரின் சூட்டை அளப்பது இன்னும் சிக்கலானது. மெழுகுவத்திச் சுடரின் மஞ்சள் ஒளி தகிக்கும் கரித்துகளிலிருந்து வருகிறது. நீலச் சுடரிலோ அத்துகள் இல்லை, பார்வை ஊடுருவிப் போய்விடும். அதற்குச் சாதாரண உப்புதான் வழி. சுடரில் சிறிது உப்பைத் தூவி, பின்னால் விளக்கை வைத்து, நிறமாலைமானியில் சோடியத்தின் மஞ்சள் கோட்டைக் கவனிப்பார்கள். சுடர் அதிகச் சூடென்றால் கோடு ஒளிரும். விளக்கு அதிகமென்றால் கறுக்கும். கோடு மறைந்தால் இரண்டும் சமம்.