பழைய காரையும் பறக்கும் தூசியும்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும் இடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டுவார். சுவர்க் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். புகைபோல் தூசி எழும். சற்று நேரத்தில் அது அடங்கிவிடும். உண்மையிலேயே அடங்கிவிட்டதா?

காரையில் சுண்ணாம்பு அல்லது சிமெண்டுடன் மணல் கலந்திருக்கிறது. மணலின் பெரும்பகுதி சிலிக்கா. அசையாத காற்றில், 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்) விட்டமுள்ள மணல் துகள் 2 மீட்டர் உயரத்திலிருந்து சில விநாடிகளில் தரையை அடையும். 5 மைக்ரான் துகளுக்குச் சுமார் கால் மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ ஏறக்குறைய 7 மணி நேரம்! மிக நுண்ணிய துகள்களின் விட்டம் பாதியானால் விழும் வேகம் கால் பங்காகக் குறைந்துவிடும். இது ஸ்டோக்ஸ் விதி. எனவே தூசி அடங்கியதாக நாம் நினைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத தூசி காற்றிலேயே மிதக்கிறது.

பெரிய துகள்களை மூக்கு தடுத்துவிடும். நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுப் பைகள்வரை செல்லும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் சிலிக்காவைச் சுவாசிப்போருக்கு நுரையீரலில் தழும்பு ஏறி, மூச்சுத் திணறல் உண்டாகும். இதுவே சிலிக்கோசிஸ். அந்தத் தழும்பை நீக்க மருந்தில்லை.

பழைய வண்ணப் பூச்சில் ஈயமும் இருக்கலாம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

தடுக்கும் வழி எளிது. முதலில் மின்சாரத்தின் முதன்மை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சுவருக்குள் கம்பிகள் ஓடலாம். பிறகு காரையின் மேல் நீர் தெளித்து, மேலிருந்து கீழாகப் பெயர்க்க வேண்டும். ஈரத்தில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி, உடனே கீழே விழும். அறை வாசலைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடலாம். முகத்தில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் தேவை. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

இது பெரியவர்கள் செய்யும் வேலை; நீங்கள் விலகியிருங்கள். ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் ஒருமுறைதான் உடைக்கப்படும். கொத்தனாரும் சித்தாளும் நாள்தோறும் அதே தூசியில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீரும் நல்ல முகக்கவசமும் கொடுக்கும்படி வீட்டில் சொல்லலாம் அல்லவா?