கைவிடப்பட்ட கலங்கள்

கரையில் ஒரு வீடு கைவிடப்பட்டால் அது நின்ற இடத்திலேயே சிதைந்து போகும். கடலில் ஒரு கலம் கைவிடப்பட்டால் நிலைமை வேறு. காற்று அதனைத் தள்ளும், நீரோட்டம் இழுக்கும், இரவில் வரும் படகுகள் அதன்மீது மோதும். அமிழ்ந்துவிட்டாலோ, கண்ணுக்குப் புலப்படாத பாறையாகிக் கப்பற்பாதையை மறிக்கும். ஆதலினாலேயே உடையவரற்ற கலங்களை அகற்றுவதைக் கடலோர நாடுகள் பலவும் அரசின் கடமையாக வகுத்துள்ளன. அக்கடமை எத்துணைக் கடினமானது என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகமே தக்க சான்று தருகின்றது.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்று துறைமுகத்தில் நின்ற ‘சகாயிங்’ என்னும் பிரித்தானியக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. மாலுமிகள் அதனைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டில், இறங்குதுறையாகவேனும் பயன்படட்டும் என்று அதனை அங்கேயே அமிழ்த்தினர். போர் முடிந்தது; ஆட்சி மாறியது; கப்பல் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. 2017 செப்டெம்பரில் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் அதனை மிதக்கச் செய்யும் பணியைத் தொடங்கினர். உடைந்த பகுதிகளை அடைத்து, உள்ளிருந்த நீரை இறைத்து, 450 அடிக்கு மேல் நீளமுள்ள அக்கலத்தை 2018 மார்ச்சில் மேலே கொணர்ந்தனர். பின்னர் அது துறைமுகத்தை விட்டு அகற்றப்பட்டு ஆழமான இடத்தில் அமிழ்த்தப்பட்டது. ஒரு நாள் தாக்குதலின் எச்சத்தை அகற்ற முக்கால் நூற்றாண்டு சென்றது.

கலம் பெரிதாயினும் சிறிதாயினும், அதனை அகற்றுமுன் அதிகாரிகள் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். இக்கலம் யாருடையது? இதனுள் என்ன இருக்கின்றது? இது எங்கே போய்ச் சேர வேண்டும்?

முதல் வினா நீதியைப் பற்றியது. கடல் கொண்டுவந்து சேர்த்தமையால் மட்டும் ஒருவர் பொருள் மற்றொருவருடையதாகிவிடாது. பிரித்தானியச் சட்டத்தில், கண்டெடுக்கப்பட்ட கப்பற் சிதைவுகளைப் பொறுப்பேற்பதற்கென்றே ஓர் அதிகாரி உண்டு. உடையவர் வந்து உரிமை கோருவதற்கு ஓராண்டு தவணை உண்டு. பொதுவாக அதன் பின்னரே அரசு அப்பொருளை விற்கலாம். எனினும், உடையவருக்குத் தவணை கொடுப்பது வேறு. முடிவெடுக்காது காலத்தைப் போக்குவது வேறு.

இவ்வேறுபாட்டைத் திருகோணமலைக்கு வடமேற்கே, பாக்கு நீரிணையில் நிகழ்ந்தவை உணர்த்துகின்றன. எல்லை தாண்டி வந்தனவென்று கைப்பற்றப்பட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் ஆண்டுக்கணக்காகக் காரைநகர் முதலிய இடங்களில் தேங்கிக் கிடந்தன. அடிக்கடலை வாரும் இழுவை மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அத்தகைய படகுகளால் வடபுல மீனவர் தம் வலைகளை இழந்து வருந்தியதும் உண்மையே. அதேவேளை, அப்படகொன்று இராமேசுவரத்துக் குடும்பத்தின் வாழ்நாள் முதலாகவும், தீராக் கடனாகவும் இருந்தது. வழக்கும் பேச்சுவார்த்தையும் நீள, வெயிலும் மழையும் தம் தீர்ப்பை முன்னரே எழுதின. விடுவிக்கப்பட்ட படகுகளுட் சில, மீட்டுச் செல்ல ஆட்கள் வந்தபோது கடலிற் செலுத்தத் தகாதனவாய் இருந்தன. ஈற்றில் 2022 பெப்ரவரி 7 முதல் 11 வரை காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய ஐந்து இடங்களில் 105 படகுகள் ஏலத்துக்கு விடப்பட்டன. படகாக விற்றிருக்கக்கூடியவற்றுட் பல விறகாகவும் பழைய இரும்பாகவுமே விலைபோகும் நிலையை அடைந்திருந்தன.

இரண்டாவது வினா கடலின் நலம் பற்றியது. படகின் அடியிற் கிடக்கும் டீசலும் எந்திர எண்ணெயும், மின்கலத்தின் ஈயமும் அமிலமும், பாசி பற்றாதிருக்கப் பூசிய நச்சுச் சாயமும் நீரிற் கலந்தால் மீன்குஞ்சுகளும் பவளப்பாறைகளும் கேடுறும். கழிவுகளைக் கடலில் இடுவது பற்றிய 1972ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை, பழைய கலங்களை அமிழ்த்துவதை முற்றாகத் தடுக்கவில்லை. ஆனால் அரசின் அனுமதி வேண்டும். மாசுதரும் பொருள்களை முதலில் அகற்ற வேண்டும் என்பது அதன் நெறி.

மூன்றாவது வினாவே இக்காலத்தில் கடினமானது. மரப்படகு மக்கிப்போகும், இரும்புக் கப்பலை வெட்டி உருக்கலாம். இன்று மூதூர் முதல் நிலாவெளி வரை கரையெங்கும் காணப்படும் ‘பைபர்’ படகு இவ்விரண்டு வகையிலும் சேராது. கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து இறுக வைத்துச் செய்யப்படுவது அது. ஒருமுறை இறுகிய பிசின் மீண்டும் உருகாது. திறந்த வெளியில் எரித்தால் நச்சுப்புகை எழும். விட்டுவைத்தால் நுண்ணிய துகள்களாக உதிர்ந்து கடலிற் கலக்கும். செருமனியில் இவ்வகைக் கழிவை அரைத்துச் சீமெந்துச் சூளைகளிற் பயன்படுத்துகின்றனர். பிரான்சிலோ, 2019 முதல் உல்லாசப் படகு விற்பவரே அதன் இறுதிச் செலவுக்கும் ஒரு பங்கு செலுத்துகின்றனர்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கீழைக்கரையில் உதவியாக வழங்கப்பட்ட பைபர் படகுகள் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. அவற்றுக்கும் ஓய்வுக்காலம் வந்துகொண்டிருக்கின்றது. மீன்பிடிப் படகுகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டத்தின் விதி. பதிவு இலக்கம் அழியாதிருந்தால் முதல் வினாவுக்கு அன்றே விடை கிடைக்கும். பழுதான படகை ஏற்கும் ஓரிடம் அண்மையில் இருந்தால், அதனைக் கரையில் விட்டுச் செல்லும் எண்ணம் ஏழைத் தொழிலாளிக்கும் எழாது. படகைக் கொடுப்பதற்குத் திட்டம் வகுக்கும்போதே அதனைத் திரும்ப ஏற்பதற்கும் திட்டம் வகுத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், இன்று வாழ்வு தரும் படகுகளை அகற்றும் சுமை நாளைய தலைமுறையின் தோளில் விழும்.