காரில் தெறிக்கும் சாலை பெயின்ட்: இழப்பீடு தருவது யார்?

புதுடெல்லி: சாலையில் கோடு போடும் பெயின்ட் சிந்திக் கிடக்க, தடுப்போ எச்சரிக்கைப் பலகையோ இன்றி வாகனங்கள் அனுமதிக்கப்பட்டால், அது கார்களின் கதவிலும் சக்கரங்களின் மேற்புறத்திலும் தெறித்து ஒட்டிக்கொள்கிறது. காயுமுன் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவினால் பெரும்பகுதி அகலும். காய்ந்தபின் சுரண்டினாலோ தின்னர் ஊற்றினாலோ காரின் சொந்த நிறமும் சேர்ந்து போகும்.

இச்செலவை யார் ஏற்பது? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலைப் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாத அதிகாரிகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால், மரணமோ ஊனமோ நேர்ந்தால்தான் அது பொருந்தும். பாழான கார் அதன் கண்ணில் படாது.

எஞ்சுவது உரிமையியல் நீதிமன்றமே. இறையாண்மையைக் காட்டி அரசு பொறுப்பிலிருந்து விலகுவதை 1964-ல் கஸ்தூரிலால் வழக்கில் ஏற்ற உச்ச நீதிமன்றம், 1994-ல் ஆந்திராவைச் சேர்ந்த நாகேந்திர ராவ் நிறுவன வழக்கில் அந்த விலக்கைச் சுருக்கியது. ஊழியர்களின் அலட்சியத்தால் பொருள் பாழானால் அரசு ஈடுசெய்ய வேண்டும் என்றது.

ஸ்ரீசிட்டி தொழில் நகரத்துக்காக வரதய்யபாளையம் சாலைகளில் செல்லும் சென்னைவாசிக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால், அரசு மீது வழக்குத் தொடர 2 மாதம் முன்னரே நோட்டீஸ் அளிக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக மாநிலம் கடந்து நீதிமன்றப் படியேறுவோர் அரிது. அலட்சியத்துக்கு அந்தத் தயக்கமே அரணாகிறது.