பிடித்த புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு

“புதுசா நல்ல புக் ஒண்ணு சொல்லுங்களேன்” என்று யார் கேட்டாலும் நான் உடனே பெயர் சொல்வதில்லை. “கடைசியா நீங்க ரசிச்சுப் படிச்சது எது?” என்று திருப்பிக் கேட்பேன். டீ வரட்டும், ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது. பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நடக்கும். பல பதிப்பகங்கள் அதைக் குறிவைத்துத்தான் புத்தகங்களை அச்சுக்கு அனுப்புகின்றன. உங்கள் அலமாரியில் உள்ள புத்தகங்களின் பதிப்பு விவரப் பக்கத்தைப் புரட்டுங்கள். ‘முதல் பதிப்பு: டிசம்பர்’ என்று எத்தனை புத்தகங்களில் இருக்கிறது என்பது தெரியும். அந்த நாட்களில் அறிமுகமாகும் ஒவ்வொரு புத்தகமும் தவறவிடக் கூடாத புத்தகம் என்றே அறிமுகமாகும். அந்தச் சத்தத்தில் நமக்கானது எது என்று காதில் விழாது. அதனால்தான் ஏற்கெனவே பிடித்துப்போன ஒரு புத்தகத்திலிருந்து கிளம்பச் சொல்கிறேன்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ உங்களுக்குப் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 2010-இல் வந்த நாவல். அதில் எது பிடித்தது? இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ‘நல்லா இருந்துச்சு’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் மேலே வழி தெரியாது.

கொங்கு நாட்டுப் பேச்சும் மாடு கட்டும் அந்தத் தொண்டுப்பட்டியும் காடும்தான் பிடித்தன என்றால், நேராக ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலுக்குப் போங்கள். 1942-இல் வந்தது. மெலிந்த புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். புருஷனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் குடும்பத்தோடு ஒன்றாக இருக்கிறாள்; நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வி வீட்டையும் ஊரையும் என்ன செய்கிறது என்பதுதான் கதை. பெருமாள்முருகன் ஷண்முகசுந்தரத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆக, இது அவர் வந்த பாதை.

அங்கிருந்து தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதே கொங்கு மண்தான், ஆனால் இது குடிநாவிதர் குடும்பங்களின் கதை. காரு மாமா என்ற ஒருவரின் சாவுக்குச் சொந்தபந்தம் கூடுகிறது, பழையதெல்லாம் மேலே வருகிறது. நாகம்மாள் நிலத்தில் பங்கு கேட்டாள். இவர்களுக்குப் பங்கு கேட்க நிலமே இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வட்டாரத்தை மூன்று வாசல் வழியாகப் பார்த்திருப்பீர்கள்.

மாறாக, புருஷன் பெண்டாட்டிக்கு இடையில் பேசப்படாமல் கிடக்கிற விஷயம்தான் உங்களை உலுக்கியது என்றால், பாதை வேறு. கு.ப. ராஜகோபாலனின் சிறுகதைகளை எடுங்கள். 1944-இல் மறைந்தவர். அவர் கதைகளை ஒரே தொகுதியாகப் பதிப்பித்தவரும் இதே பெருமாள்முருகன்தான். எழுத்தாளர் யாருடைய எழுத்துக்காக மெனக்கெட்டிருக்கிறார் என்று பார்ப்பது, அவர் மேடையில் யாரைப் பாராட்டினார் என்று பார்ப்பதைவிட நம்பகமானது.

“புதுசு கேட்டால் 1942-க்கு அனுப்புகிறீர்களே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ‘நாகம்மாள்’ படித்த காதோடு கடையில் ஒரு புது நாவலைப் பிரித்து இரண்டு பக்கம் படியுங்கள். அதில் வரும் பேச்சு காதால் கேட்டு எழுதியதா, மேஜையில் உட்கார்ந்து செய்ததா என்பது உடனே தெரிந்துவிடும். புதியதை எடைபோடப் பழையது கொடுக்கிற தைரியம் அது.

அடுத்தது, நாம் தாண்டிப் போகிற பக்கங்கள். ஒரு புதிய சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் சின்ன எழுத்தில், எந்த இதழில், எந்த மாதம் வெளிவந்தது என்று பல தொகுப்புகளில் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் முன்பக்கத்தில் ‘நன்றி’ என்ற தலைப்பில் இருக்கும். உங்களுக்குப் பிடித்த மூன்று கதைகளும் ஒரே இதழில் வந்தவை என்றால், அந்த இதழின் ஆசிரியருக்கும் உங்களுக்கும் ரசனை ஒத்துப்போகிறது என்று அர்த்தம். ‘காலச்சுவடு’, ‘உயிர்மை’ என்று எதுவாகவும் இருக்கலாம். ஓர் ஆண்டு அந்த இதழைத் தொடர்ந்து படியுங்கள். புத்தகமாக வருவதற்கு முன்பே புதிய பெயர்கள் உங்களுக்கு அறிமுகமாகிவிடும். என்னைக் கேட்டால் பின்னட்டை வாசகத்தைவிட இந்தப் பொடி எழுத்து பத்து மடங்கு பயன் தரும்.

மொழிபெயர்ப்பாளர் பெயரையும் அப்படியே பின்தொடரலாம். வைக்கம் முகம்மது பஷீரின் ‘பால்யகால சகி’யை குளச்சல் மு. யூசுஃபின் தமிழில் படித்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலோர் பஷீரை நினைவில் வைத்துக்கொண்டு யூசுஃபை மறந்துவிடுகிறார்கள். அவர் பெயரைத் தேடிப் போனால் புனத்தில் குஞ்ஞப்துல்லாவின் ‘மீஸான் கற்கள்’ கிடைக்கும். ‘திருடன் மணியன்பிள்ளை’ கிடைக்கும். ஒரு நிஜத் திருடரின் வாழ்க்கையை ஜி.ஆர். இந்துகோபன் எழுதியது, யூசுஃபுக்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றுத் தந்தது. காதல் கதையில் கிளம்பியவர் திருடர் கதையில் வந்து நிற்கிறார். கடையில் வகைவாரியாக அடுக்கியிருக்கும் அலமாரி எதுவும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்காது.

விருதுப் பட்டியலை ஒதுக்க வேண்டாம், ஆனால் அது தாமதமாக வரும் செய்தி. சாகித்திய அகாதெமியின் 2024 விருதுக்கு 2018 முதல் 2022 வரை முதல் பதிப்பு கண்ட புத்தகங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். புதியவர்கள் வேண்டுமென்றால் 2011 முதல் கொடுக்கப்படும் யுவ புரஸ்கார் பட்டியலைப் பாருங்கள்; 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கானது. 2018-இல் ‘அம்புப் படுக்கை’ என்ற சிறுகதைத் தொகுப்புக்காக வாங்கியவர் சுனில் கிருஷ்ணன், காரைக்குடியில் ஆயுர்வேத மருத்துவர். பிறகு ‘நீலகண்டம்’ நாவல் எழுதினார். ஓர் எழுத்தாளரை முதல் புத்தகத்திலிருந்தே கூட வந்து படிக்கிற சந்தோஷம் தனி. அதை இளம் எழுத்தாளர்களிடம்தான் பெற முடியும்.

புத்தகக் காட்சிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் போங்கள். முதல் நடை வாங்குவதற்காக இருக்க வேண்டாம். ஸ்டாலில் நின்று நடுவிலிருந்து ஒரு பக்கம் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் நன்றாகத்தான் எழுதுவார்கள். ஐம்பதாம் பக்கத்திலும் வாக்கியம் தளராமல் இருக்கிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பு என்றால் உரையாடல் உள்ள பக்கமாகத் தேடுங்கள், தமிழ் திணறினால் அங்கேதான் திணறும். பெயரைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டு மார்ச், ஏப்ரல் வரை பொறுங்கள். அதற்குள் படித்தவர்கள் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

அதுவரை பக்கத்து நூலகம் இருக்கிறது. நாம் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது, 1948-ஆம் ஆண்டுச் சட்டம் செய்துவைத்த ஏற்பாடு. புத்தகத்தின் கடைசியில் தேதி முத்திரை குத்துகிற தாள் ஒன்று ஒட்டியிருக்கும், அதைப் பாருங்கள். நெருக்கமாக முத்திரை விழுந்திருந்தால், விளம்பரம் எதுவும் இல்லாமல் உங்கள் ஊர்க்காரர்களே கைமாற்றிக்கொண்ட புத்தகம் அது. முத்திரையே விழாததையும் தள்ளிவிடாதீர்கள். கவிதைத் தொகுப்புகள் பல அப்படித்தான் காத்திருக்கும். எடுத்துப்போய் நாற்பது பக்கம் படித்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் மறுநாளே கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வரலாம், காசு போகாது.